‘மகிழினி’ என்று வைத்தால் என்ன தப்பு? – ஒரு தாயின் கடிதமும் வழக்கறிஞரின் பதிலும்

இந்த வாரக் கடிதம் ஏழு மாதப் பெண் குழந்தையின் தாயிடமிருந்து வந்திருக்கிறது. நான்கு தாள், இருபுறமும் நெருக்கி எழுதியது. ஊரையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 29. முதல் குழந்தை. வயிற்றில் இருக்கும்போதே பெண்ணாக இருந்தால் ‘மகிழினி’ என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். குழந்தை பிறந்தது மக நட்சத்திரத்தில். ‘ம’ வரிசையில்தான் பெயர் வர வேண்டும் என்று ஜோசியரும் சொல்ல, தெய்வமே வழிவிட்டது என்று நினைத்திருக்கிறார். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. “சாமி பேரும் இல்ல, பெரியவங்க பேரும் இல்ல, இது என்ன பேரு?” என்று மாமியார் கேட்கிறார். கணவர் வெளிநாட்டு வேலைக்கு முயன்றுகொண்டிருப்பவர். அங்கே எவர் வாயிலும் ‘ழி’ நுழையாது, ‘மைரா’ என்று வைப்போம், அது சமஸ்கிருதத்தில் ‘அன்பானவள்’ என்று ஒரு இணையதளத்தில் போட்டிருக்கிறது என்கிறார். தமிழ் படித்த கொழுந்தனார், ‘மகிழ்’ என்றால் சங்க காலத்தில் கள் வெறி என்று ஒரு குண்டைப் போட்டிருக்கிறார். எண்கணிதம் பார்ப்பவரோ, மகிழினியே இருக்கட்டும், ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் ‘ஐ’யும் கடைசியில் ஓர் ‘எச்’சும் கூடுதலாகப் போடுங்கள் என்கிறார்.

இதற்கிடையில் 21 நாளுக்குள் பெயர் பதியாததால் அபராதம் வருமோ என்ற பயம் வேறு. “தடுப்பூசி அட்டையில் இன்னும் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு என் பெயர்தான் இருக்கிறது மேடம். ஒவ்வொரு தடவை நர்ஸ் அப்படிக் கூப்பிடும்போதும் அழுகை வருகிறது” என்று எழுதியிருக்கிறார். அவருடைய கேள்விகள்: இது நிஜமான தமிழ்ப் பெயரா, யாரோ இணையத்தில் இட்டுக்கட்டியதா? எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது? பிறகு மாற்றிக்கொள்ளலாமா? கடைசித் தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒன்று: “அவருக்குத் தெரியாமல் நானே போய்ப் பதிந்துவிட்டு வந்தால் செல்லுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம்.

21 நாள் எதற்கு, 12 மாதம் எதற்கு?

21 நாள் என்பது குழந்தை பிறந்த செய்தியைப் பதிவாளருக்குத் தெரிவிப்பதற்கான கெடு. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு அந்த வேலையை ஆஸ்பத்திரியே செய்துவிடும். பெயர் வைப்பதற்கும் அந்தக் கெடுவுக்கும் சம்பந்தமில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். உங்களுக்கு இன்னும் சுமார் ஐந்து மாதம் கையில் இருக்கிறது. அபராதமும் இல்லை, வழக்கும் இல்லை.

அதற்காக 15 ஆண்டு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் என எதற்குப் போனாலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் பெயருக்கான இடம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் ஒரு வழக்கே நடந்தது. பிரிந்து வாழும் பெற்றோர் ஆளுக்கொரு பெயர் சொல்லி விடாப்பிடியாக நிற்க, குழந்தை பெயரில்லாமலே மூன்று வயதைத் தாண்டிவிட்டது. பெயரில்லாத சான்றிதழைப் பள்ளி ஏற்கவில்லை. 2023-இல் கேரள உயர் நீதிமன்றமே தலையிட்டு, தாய் சொன்ன பெயரோடு தந்தையின் பெயரைச் சேர்த்து ஒரு பெயரை முடிவு செய்தது. உங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் கணவரிடம் ஒருமுறை இந்தக் கதையைச் சொல்லிப்பாருங்கள். நாமே முடிவு செய்வது நல்லது என்று அவருக்கும் தோன்றலாம்.

‘மகிழ்’ என்றால் கள்ளா?

கொழுந்தனார் சொன்னது பொய்யில்லை. பாதி உண்மை. புறநானூற்றின் 123-ஆவது பாட்டில் கபிலர், “நாட்கள் உண்டு நாண்மகிழ் மகிழின் யார்க்கும் எளிதே தேர் ஈதல்லே” என்கிறார். காலையிலேயே கள்ளைக் குடித்துவிட்டு, அவையில் கிறக்கத்தோடு இருக்கும்போது தேரைத் தானம் கொடுப்பது எவருக்கும் எளிது. குறுநில மன்னன் மலையமான் குடிக்காமலே கொடுப்பான் என்று புகழ்ச்சி. வள்ளுவரும் 1201-ஆவது குறளில் ‘பெருமகிழ்’ என்பதைக் கள்ளுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறார்: நினைத்தாலே தீராத பெருமகிழ்ச்சி தருவதால் கள்ளைவிடக் காமம் இனிது. இன்னும் சொன்னால், பொருட்பாலில் ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லையே அவர் எச்சரிக்கைப் பலகைபோலத்தான் தொங்கவிடுகிறார். மகிழ்ச்சியில் தலைகால் புரியாமல் கடமையை மறந்து கெட்டுப்போகாதே என்பது அங்கே பாடம்.

அதனால் என்ன? ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் வழங்கியது. இன்று யாரையாவது பார்த்து உங்களிடம் நல்ல நாற்றம் வருகிறது என்று சொல்லிப்பாருங்கள்! ‘களிப்பு’ என்ற சொல்லுக்கும் வெறிமயக்கம் என்ற பழைய பொருள் உண்டு; கல்யாணப் பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு யாரும் கள்ளுக்கடையை நினைப்பதில்லை. கொழுந்தனாரிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். அவர் பாட்டைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். அடுத்த பக்கத்தையும் புரட்டச் சொல்லுங்கள்.

ஏனென்றால் ‘மகிழ்’ என்பதற்கு இன்னொரு வேர் உண்டு: மகிழ மரம். பூ ரொம்பச் சின்னது. வெளிர் மஞ்சளில் நட்சத்திரம்போல இருக்கும், நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகவே நூலைக் கோத்துவிடலாம், ஊசி வேண்டாம். மற்ற பூவெல்லாம் சாயங்காலத்துக்குள் வாடி, வாசமும் போய்விடும். மகிழம்பூ காய்ந்து பழுப்பேறிய பிறகும் மணக்கும். எங்கள் பாட்டி அதைத் துணிகளுக்கு நடுவே போட்டு வைத்திருப்பார். பெட்டியைத் திறந்தால் எந்த வருஷத்துப் பூ என்று சொல்ல முடியாது. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் இது ‘வகுளம்’ என்ற பெயரில் வருகிறது.

சாமி பேர் இல்லை என்கிற மாமியாருக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்று ஒரு பெயர், மகிழ்மாறன் என்றும் ஒரு பெயர். திருவாய்மொழியில் அவர் தன்னைச் சொல்லிக்கொள்வதே “நாட்கமழ் மகிழ்மாலை மார்பினன்” என்றுதான். சைவக் குடும்பம் என்றால் இருக்கவே இருக்கிறது திருவொற்றியூர். அங்கே தலமரம் மகிழம். சுந்தரர், தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியேன் என்று அந்த மகிழடியில்தான் சத்தியம் செய்து கொடுத்தார். மகிழடி சேவை என்று இன்றும் விழா நடக்கிறது. (அந்தச் சத்தியம் என்ன ஆயிற்று என்று மாமியார் கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள்.)

‘இனி’ எங்கிருந்து வந்தது? மைரா மட்டும் எங்கிருந்து வந்தது?

‘மகிழினி’ என்ற முழுப்பெயர் பழைய நூலில் இருக்கிறதா என்று தேடினீர்களாம், கிடைக்கவில்லையாம். கிடைக்காது. இது நம் காலத்தில் கோத்த பெயர். கோத்த விதம்தான் பழையது. பாணர் குலத்துப் பாடும் பெண்ணைச் சங்கப் பாடல்கள் ‘பாடினி’ என்கின்றன. அதே வால்தான் இங்கே ‘மகிழ்’ என்பதோடு ஒட்டியிருக்கிறது. நந்தினி, பத்மினி, மோகினி என்று வடமொழி வழியாக வந்த பெயர்களும் அதே ஓசையில் முடிவதால் காதுக்குப் பழகிப்போயிற்று. பலர் இதில் ‘இனிய’ என்பதையும் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்தது இலக்கணம் ஒப்பாத இன்னொரு பிரிப்பு: மகிழ், இனி. ஏழு மாதமாக நீங்கள் படும் பாட்டுக்கு அப்படியும் ஒரு பொருள் இருந்துவிட்டுப் போகட்டுமே.

புதிதாகக் கோத்த பெயர் போலிப் பெயர் ஆகிவிடாது. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம் தன் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டதோடு நிற்கவில்லை. திரிபுரசுந்தரி என்ற மகளின் பெயரை ‘முந்நகரழகி’ என்று மாற்றினார். அந்தக் காலத்தில் இதைவிட அரிய, புதிய பெண் பெயர் இருந்திருக்காது. அந்தப் பெயர் பரவவில்லை, ஆனால் அந்த வழி பரவியது. இன்றைய யாழினி, தமிழினி, இதழினி, உங்கள் மகிழினி எல்லாம் அந்தப் பாதையில் வந்து, நாக்குக்கு எளிதாகச் செதுக்கப்பட்டவைதான்.

கணவர் விரும்பும் ‘மைரா’வும் ஒருவர் உருவாக்கிய பெயர்தான் என்று சொன்னால் அவர் ஆச்சரியப்படலாம். 1554 முதல் 1628 வரை வாழ்ந்த ஃபுல்க் கிரெவில் என்ற ஆங்கிலக் கவிஞர் தன் காதல் கவிதைகளின் நாயகிக்கு வைத்த பெயர் அது. பிற்பாடு பெண் குழந்தைகளுக்கு வைக்க ஆரம்பித்தார்கள். இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா என்ற பழைய நகரத்தின் பெயரும் ஆங்கிலத்தில் அதே எழுத்துதான்; புனித நிக்கோலஸ் ஆயராக இருந்த ஊர். சமஸ்கிருதத்தில் ‘அன்பானவள்’ என்பது பெயர்ப் பட்டியல் தளங்கள் தாமாகக் கொடுத்த பட்டம். எந்தப் பெயரைப் போட்டாலும் ‘லட்சுமி’, ‘ஒளி’, ‘அன்பு’ என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும் தளங்கள் அவை. மைரா அழகான பெயர், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்கு வேர் உண்டு, மற்றதற்கு இல்லை என்று வாதாடினால், வேர் இருப்பது உங்கள் பக்கம்.

அரிதா, பரவலா?

ஒரு தளம் ‘மிக அரிது’ என்கிறது, இன்னொன்று ‘டிரெண்டிங்’ என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880-ஆம் ஆண்டிலிருந்து பிறந்த குழந்தைகளின் பெயர்க்கணக்கை ஆண்டுவாரியாக வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐந்து பேருக்குக் குறைவாக வைத்த பெயரை மட்டும் பட்டியலில் போடாது. நம்மிடம் அப்படி ஒரு வெளியீடு இல்லை. அதனால் நம் பெயர்களுக்கு இந்தத் தளங்கள் போடும் சதவீதமும் நட்சத்திர மதிப்பும் கைக்கு வந்த எண்கள்தான்.

நான் பார்க்கும் கோப்புகளை வைத்து ஒன்று சொல்வேன். ‘மகிழினி’ என்று அதே பெயரில் இன்னொரு குழந்தை உங்கள் மகளின் வகுப்பில் இருப்பது அரிது. ஆனால் டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்து யாழினி, தமிழினி, மகிழினி என்று வாசிக்கும்போது மூன்று பேரும் சேர்ந்து எழுந்து நிற்க வாய்ப்பு உண்டு. பெயர் அரிது, ஓசை பொது. என் வகுப்பில் இனிஷியலை வைத்துக் கூப்பிட வேண்டிய அளவுக்குப் பிரியாக்கள் இருந்தார்கள். ஒருத்திக்கும் அதனால் குறை வந்துவிடவில்லை. ‘யாருக்குமே இல்லாத பெயர்’ வேண்டும் என்பது உங்கள் ஆசை என்றால் இது அதற்குரிய பெயர் அல்ல. ‘மகிழ்’ என்ற சொல் வேண்டும் என்பது ஆசை என்றால் தாராளமாக வையுங்கள். இந்தப் பெயரை வேறு யாரும் வைக்காதபடி ‘பதிவு செய்து’ வைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது. ஆள் பெயருக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

ஆங்கிலத்தில் எப்படி எழுதப்போகிறீர்கள்?

நீங்கள் கேட்காத கேள்வி இது. எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

போன மாதம் கல்லூரி முடித்த ஒரு பெண் வந்தாள். பெயரில் ஒரு ‘ழி’. மேசையில் மூன்று காகிதங்களைப் பரப்பினாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அந்த ‘ழி’ ‘எல்-ஐ’, ஆதாரில் ‘இசட்-எச்-ஐ’, வங்கிப் புத்தகத்தில் வெறும் ‘இசட்-ஐ’. தமிழில் மூன்றும் ஒரே பெண். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். வேலையில் சேரச் சொன்ன நிறுவனம் பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தது. உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு, ஒவ்வொரு அலுவலகமாக அலைச்சல் என்று அவள் அப்பா ஓய்ந்துபோனார்.

‘மகிழினி’யில் சிக்கல் இரண்டு இடத்தில். ‘கி’க்கு ‘ஜி’ போடுவதா, ‘எச்’ போடுவதா, ‘கே’ போடுவதா? ‘ழி’க்கு ‘இசட்-எச்’சா, ‘எல்’லா? மூன்றும் இரண்டும் பெருக்கினால் ஆறு மகிழினிகள். இதில் எது சரி என்று கேட்காதீர்கள். அரசாங்கமே 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களுக்கு, தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கில எழுத்து மாற்றி ஆணை போட்டது. எழுந்த விமர்சனத்தில் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. ஆகவே சரியானது என்று ஒன்று இல்லை. மாறாதது என்று ஒன்று இருந்தால் போதும். என் யோசனை: எம்-ஏ-ஜி-ஐ-இசட்-எச்-ஐ-என்-ஐ. ‘ழ’வுக்கு ‘இசட்-எச்’ என்பது தமிழர், மலையாளிகள் இருவரிடமும் ஊன்றிவிட்ட வழக்கம். வெளிநாட்டுக்காரர் ‘மகிசினி’ என்று கூப்பிடுவார்தான். இரண்டு நாளில் உங்கள் மகள் அவருக்குக் கற்றுக்கொடுப்பாள், அல்லது ‘மகி’ என்று சுருக்கிக்கொள்வாள். ‘எல்’ போட்டால் வெளிநாட்டுக்காரருக்குச் சுலபம். நம் ஊர் அலுவலகத்தில் அதைப் பார்த்துத் தமிழில் ‘மகிலினி’ என்று தட்டிவிடுவார்கள்.

எண்கணிதக்காரர் சொன்ன கூடுதல் ‘ஐ’, ‘எச்’ பற்றி: சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு கூடுதல் எழுத்தும் யாரோ ஒரு தட்டச்சர் விட்டுவிடப்போகும் எழுத்து. குடும்பத்தில் அமைதிக்காக வேண்டும் என்றால் வீட்டு வாசல் பலகையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாகப் போட முடியாது. அப்பா பெயரைச் சேர்ப்பதானால் முழுதாக எழுத வேண்டும். அந்த எழுத்தும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

பிறகு மாற்றிக்கொள்ளலாமா? தனியாகப் போய்ப் பதியலாமா?

“பிடிக்கலைன்னா அப்புறம் மாத்திக்கலாம்” என்று கணவர் சொல்வது தவறான நம்பிக்கை. எழுத்துப் பிழை, தவறான பதிவு என்றால் அதே பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி பதிவாளர் ஓரத்தில் குறிப்பெழுதித் திருத்துவார். மூலப் பதிவு அப்படியே இருக்கும். மனம் மாறிவிட்டது என்பது பிழைக் கணக்கில் வராது. ஒருமுறை பதிந்த பெயரை மாற்ற முடியாது என்றுதான் அலுவலகத்தில் சொல்வார்கள். அதன் பிறகு, பெயர் மாற்றத்தை அரசிதழில் அறிவிக்கும் வழிதான். உங்கள் மகள் வளர்ந்து தானே வேறு பெயர் விரும்பினால் அது அவள் உரிமை. பெயர் ஒருவரின் அடையாளத்தில் ஒரு பகுதி, அதை வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் பாதுகாப்புக்குள் வரும் என்று சிபிஎஸ்இ சான்றிதழ்கள் பற்றிய வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இப்போது அந்த ஓரக் கேள்வி. சட்டம் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்றுதான் சொல்கிறது. தாய் தகவல் கொடுக்கலாம். ஆனாலும் பல அலுவலகங்களில் இருவர் கையெழுத்தையும் கேட்பார்கள். ஒருவேளை கேட்காமல் பதிந்துகொடுத்தாலும் நான் உங்களை அனுப்ப மாட்டேன். மகள் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கணவருக்கு அந்தப் பெயர் ஞாபகம் வராது, நீங்கள் சொல்லாமல் போன அந்த நாள்தான் ஞாபகம் வரும். உங்கள் கடிதத்தில் அவர் கெட்டவராக எங்கேயும் தெரியவில்லை. வெளிநாட்டில் பிள்ளை கேலிக்கு ஆளாகிவிடுவாளோ என்று பயப்படுகிற அப்பாவாகத் தெரிகிறார். அந்தப் பயத்துக்கு, பதிவேட்டில் மகிழினி, கூப்பிட ‘மகி’ என்பது நியாயமான சமரசம். மைராதான் வேண்டும் என்று அவர் நின்றால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டுக்கொள்ளட்டும்; இரண்டு பெயரில் வளராத பிள்ளை நம்மிடம் யார்? ஆனால் ஆவணத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக்கும் யோசனை வந்தால் மறுத்துவிடுங்கள். பள்ளி ஒன்றை விட்டுவிடும், வங்கி மற்றதை விட்டுவிடும். மறுபடி என்னைப் போல ஒருத்தியின் மேசைக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு, தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் பெயரை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொல்ல வேண்டாம். தட்டச்சு செய்தவுடன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ‘ழி’ இருக்கிறதா, ‘ளி’ ஆகிவிட்டதா, ‘னி’க்கு ‘ணி’ விழுந்துவிட்டதா என்று இருவரும் தனித்தனியாகப் படியுங்கள். பிறகு சேமிக்கச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போயிருந்தால், திரும்பும் வழியிலேயே ‘பேபி ஆஃப்’ என்பதையும் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம்.